பாத்திர அறைச் சாவி

கேள்வி:

போதகர் ஐயரவர்களுக்கு ஸ்தோத்திரம். திருநெல்வேலிக்கு மேற்கே ஒரு கிராமச் சபையில் 11 வருடமாகப் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளராக இருக்கிறேன். பள்ளி ஆசிரியை, வயது 54. எங்கள் சபையில் 140 குடும்பங்கள். பெரும்பாலான வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். ஆண்டுதோறும் பிரதிஷ்டைப் பண்டிகையின் கடைசி நாளில் அசனம், அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து, வைக்கிறோம். போன வருடம் முந்தின இரவு காய் நறுக்க வந்தவர்கள் 9 பேர். மறுநாள் பந்தியில் உட்கார்ந்தவர்கள் 600 பேருக்கு மேல். பேறுகாலத்துக்கு வந்திருந்த மகளை வீட்டில் விட்டுவிட்டு நான் மூன்று நாள் பாத்திர அறையிலேயே கிடந்தேன்.

நம்பிப் பொறுப்பைக் கொடுத்தாலும் பயனில்லை. புதிதாகத் திருமணமாகி வந்த ஒரு பெண்ணிடம் கத்தரிக்காய்க் கூட்டை ஒப்படைத்தேன். காயைப் பொடிப்பொடியாக நறுக்க வைத்துவிட்டாள். குழைந்துவிடும் என்று இரவோடு இரவாக வேறு காய் வாங்கி நாங்களே நறுக்கினோம். அதன் பிறகு அவள் சங்கத்துக்கே வருவதில்லை. பாத்திர அறைச் சாவியையும் நானே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. வெளியே கொடுத்தால் ஒரு கரண்டிகூட மிஞ்சாது. இப்போது முதுகு வலி. குனிந்து எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது” என்று பவுல் எழுதியிருக்கிறாரே. பண்டிகைக்கு இன்னும் 3 மாதம் இருக்கிறது. இந்த முறை வேலைக்கு வருகிற குடும்பங்களுக்கு மட்டும் அசனச் சீட்டு என்று கமிட்டியில் கேட்கப்போகிறேன். வேதத்தின்படி சரிதானே? மறுத்தால் பொறுப்பிலிருந்து விலகிவிடலாம் என்றிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

சீட்டு வேண்டாம். அந்தத் தீர்மானத்தைக் கமிட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இதைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன; அவற்றை நிதானமாகப் பேச வேண்டும்.

உங்கள் கோபத்தை நான் தவறாக எண்ணவில்லை. 32 வருடம் சேகரங்களில் (பல சபைகள் சேர்ந்த வட்டாரங்களில்) ஊழியம் செய்தவன் நான். அசனத்துக்கு முந்தின இரவில் ஆலயத்துக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். மூட்டை மூட்டையாகக் காய், கண்ணைக் கரிக்கும் வெங்காயம், விறகுப் புகை, மல்லித்தூள் போதாது என்று விடியற்காலை 2 மணிக்கு ஒருவரை எழுப்பிக் கடைக்கு அனுப்புகிற பதற்றம். இதை ஒரு பெண் 11 வருடம் தோளில் சுமந்திருக்கிறார் என்றால் அந்தச் சபை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்படுகிறாய் என்று இயேசு சொன்ன, “மார்த்தாளே, மார்த்தாளே” என்று தொடங்கும் வசனத்தை உங்களிடம் எடுத்து நீட்டுகிறவர்கள் இருப்பார்கள். நான் அதைச் செய்யமாட்டேன். யோவான் சுவிசேஷத்தில் “நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து” என்று அறிக்கை செய்தவள் அதே மார்த்தாள்தான். அதற்குப் பிறகும் பெத்தானியா விருந்தில் பணிவிடை செய்தவளும் அவள்தான்.

ஆனால் நீங்கள் எடுத்த வசனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெசலோனிக்கேயருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில், “வேலைசெய்ய மனதில்லாதிருந்தால்” என்றுதான் பவுல் எழுதுகிறார். அழுத்தம் ‘மனதில்லாதிருந்தால்’ என்ற சொல்லில் இருக்கிறது. வேலை கிடைக்காதவனை, முடியாதவனை, யாரும் கூப்பிடாதவனை அவர் சொல்லவில்லை. அடுத்த வசனத்தில் யாரைச் சொல்கிறார் என்பதையும் விளக்கிவிடுகிறார்: யாதொரு வேலையும் செய்யாமல் வீண் அலுவற்காரராய்த் திரிகிறவர்களை. சொந்தக் கையால் பிழைக்க மறுத்துச் சபையார் உழைப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எழுதினது அது. அவர்களைக்கூட “சத்துருவாக எண்ணாமல், சகோதரனாக எண்ணி” புத்தி சொல்லுங்கள் என்றுதான் அந்தப் பகுதி முடிகிறது.

காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்காத பெண்ணை இந்த வசனத்தால் அடிக்கலாமா? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கை நின்றால் காசு நின்றது. உங்கள் சங்கக் கூட்டம் எத்தனை மணிக்கு நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நான் ஊழியம் செய்த இடங்களில் பெரும்பாலும் மாலை 4 மணிக்கு நடந்தது. இலையையும் தூளையும் வாங்கி வந்து, சுற்றி, கட்டு கட்டிக் கணக்கை ஒப்படைக்க வேண்டிய பெண் 4 மணிக்கு எப்படி வருவாள்? மாதச் சம்பளம் வாங்குகிற ஆசிரியைக்கும், ஓய்வு பெற்றவர்களின் மனைவிமாருக்கும் ஏற்ற நேரம் அது. உங்கள் 9 பேரும் எந்தெந்த வீட்டுக்காரர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அசனம் சம்பந்தமாகப் பவுல் எழுதின வேறொரு பகுதி உண்டு. அதுதான் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் என்று நினைக்கிறேன். கொரிந்துச் சபையார் சேர்ந்து சாப்பிடக் கூடினார்கள். வசதியுள்ளவர்கள் முதலில் வந்து சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். மற்றவர்கள் பசியோடு நின்றார்கள். அந்தச் சபையில் அடிமைகளும் இருந்தார்கள். எஜமானனின் வேலை முடிந்தால்தானே அவர்களால் வர முடியும்? “தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?” என்று பவுல் கேட்கிறார். பிறகு அவர் கொடுக்கிற கட்டளை மிக எளிமையானது: போஜனம்பண்ணக் கூடிவரும்போது “ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.” சீட்டு இல்லாமல் பந்தி வாசலில் ஒரு குழந்தை திருப்பி அனுப்பப்பட்டால், அந்த வெட்கம் அந்தக் குடும்பத்தைவிட்டு இரண்டு தலைமுறைக்குப் போகாது. நம்முடைய ஊர்களில் பந்தி என்ற சொல்லுக்குப் பின்னால் என்னென்ன காயங்கள் உண்டு என்பது உங்களுக்கும் தெரியும். யார் யாரோடு உட்காரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்ற பழைய கணக்கையெல்லாம் மாற்றத்தானே அசனம் என்ற ஒன்றை ஏற்படுத்தி, எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து, ஒரே அண்டாவிலிருந்து பரிமாறினார்கள்.

இனிக் கத்தரிக்காய்க்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் மூன்று முறை திரும்பிப் போய்ப் படித்த இடம் அது.

ஒரு பெண், ஊருக்குப் புதியவள், முதல்முறையாக ஒரு பொறுப்பை ஏற்று, தனக்குத் தெரிந்த விதத்தில் காயை நறுக்கினாள். ஒருவேளை அவள் பிறந்த ஊரில் கூட்டுக்கு அப்படித்தான் நறுக்குவார்களோ என்னவோ. அன்றிரவு வேறு காய் வாங்கி வந்து, அவள் நறுக்கினதை ஓரத்தில் வைத்துவிட்டு, நீங்கள் எல்லாரும் உட்கார்ந்து மறுபடி நறுக்கினீர்கள். அவள் எங்கே நின்றுகொண்டிருந்தாள் என்று நினைவிருக்கிறதா? நீங்கள் அவளிடம் கடுமையாக ஒரு சொல்லும் சொல்லியிருக்கமாட்டீர்கள். சொல்லத் தேவையே இருக்கவில்லை. சகோதரி, நீங்கள் அவளுக்குக் கொடுத்தது வேலையை மட்டும்தான். பொறுப்பு உங்கள் கையிலேயே இருந்தது. பொறுப்பு அவளுடையதாக இருந்திருந்தால் கூட்டு குழைந்திருக்கும், 600 பேர் குழைந்த கூட்டைச் சாப்பிட்டிருப்பார்கள், அடுத்த வருடம் அவளே பெரிதாக நறுக்கியிருப்பாள்.

யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். மோசேயின் மாமனாகிய எத்திரோ, மோசேயின் மனைவி சிப்போராளையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பாளயத்துக்கு வருகிறான். குடும்பம் பிரிந்திருந்து கூடின வேளை. மறுநாளே மோசே நியாயம் விசாரிக்க உட்கார்ந்துவிடுகிறான். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜனங்கள் அவனுக்கு முன்பாக நிற்கிறார்கள். எத்திரோ பார்க்கிறான். மகளும் பேரப்பிள்ளைகளும் கூடாரத்தில் காத்திருப்பதையும் அந்த மனுஷன் பார்த்திருப்பான் என்றே எனக்குத் தோன்றும். பேறுகாலத்துக்கு வந்த உங்கள் மகளைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

எத்திரோ சொல்கிறான்: நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, “நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்.” மோசே மட்டும் களைத்துப்போவான் என்று அவன் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எபிரெய மூலத்தில் இங்கே வருகிற வினைச்சொல், முதலாம் சங்கீதத்தில் நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்ட மரத்தின் ‘இலையுதிராதிருக்கிற’ நிலையைச் சொல்லும் அதே வினைச்சொல். இலை வாடி உதிர்வதுபோல் மோசேயும் வாடுவான், வெயிலில் நாள் முழுவதும் நிற்கிற ஜனங்களும் வாடுவார்கள். ஒருவரே எல்லாவற்றையும் செய்கிற இடத்தில் மற்றவர்களுக்கு நிற்பதைத் தவிர வேறு வேலை இருப்பதில்லை. நின்று நின்று, பிறகு வராமல் போகிறார்கள். உங்கள் முதுகு வலியும் உங்கள் சங்கத்தின் காலி நாற்காலிகளும் ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள்.

இதை உங்களைக் குற்றப்படுத்த எழுதவில்லை. என் முதல் சேகரத்தில் ஐந்து வருடம் நான் இதையேதான் செய்தேன். ஓய்வுநாள் பள்ளிப் பாடம் நான் எடுத்தேன், பாடகர் குழுவுக்கு ராகம் நான் சொல்லிக்கொடுத்தேன், வரவு செலவுக் கணக்கு என் மேசையில், மண்டபத்துச் சாவி என் பையில். ஊரில் எல்லாரும் ‘ஐயர் பார்த்துக்கொள்வார்’ என்றார்கள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். மாற்றலாகிப் போய் ஒரு வருடம் கழித்து அங்கே ஒரு திருமணத்துக்குப் போனேன். ஓய்வுநாள் பள்ளி நடந்த அறையில் பந்தல் சாமான்களை அடுக்கியிருந்தார்கள். பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் பாடகர் குழு கலைந்திருந்தது. ஐந்து வருட உழைப்பு என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டிருந்தது. அன்று திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குப் பேச்சு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் நெகேமியாவின் மூன்றாம் அதிகாரத்தை நான் ஒழுங்காகப் படித்தேன். வாயில் நுழையாத பெயர்களின் பட்டியல் என்று நாம் எல்லாரும் தள்ளிவிட்டுப் போகிற அதிகாரம் அது. கி.மு. 445-இல் எருசலேமின் இடிந்த அலங்கம் (நகர மதில்) 52 நாளில் எழும்பி முடிந்தது. எப்படி முடிந்தது என்பதற்கான விடை அந்தப் பட்டியல்தான். வேலை சுமார் 40 பங்காகப் பிரிந்திருந்தது. பிரதான ஆசாரியனாகிய எலியாசிப் ஆட்டுவாசலைக் கட்டினான். எரிகோவின் மனுஷர் வெளியூரிலிருந்து வந்து கட்டினார்கள். தட்டார் கட்டினார்கள்; தைலக்காரர் கட்டினார்கள். நகை செய்கிறவனுக்கும் வாசனைத் தைலம் கூட்டுகிறவனுக்கும் கல் அடுக்கி என்ன பழக்கம்? அவர்கள் அடுக்கின வரிசை கொத்தனார் அடுக்கினதுபோல் நேராக இருந்திருக்குமா? ஆனாலும் அந்தப் பங்கு அவர்கள் பேரில்தான் எழுதப்பட்டிருக்கிறது. சல்லூம் என்ற ஒரு பிரபு தன் குமாரத்திகளோடு சேர்ந்து கட்டினான். அந்தப் பெண்பிள்ளைகளை விட்டுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு சொல் ‘அருகே’. இவன் அருகே அவன், அவன் அருகே இன்னொருவன். இன்னொரு சொல்லும் பல முறை வருகிறது: ‘தன் வீட்டுக்கு எதிரே’. அவரவர் வாசலுக்கு நேராக இருக்கிற துண்டை அவரவர் கட்டினார்கள். மெசுல்லாம் என்பவனுக்கு ஓர் அறைதான் இருந்தது. அவன் அந்த அறைக்கு எதிரே கட்டினான். தன் பிள்ளைகள் படுத்துறங்குகிற இடத்துக்கு எதிரே கட்டுகிறவனிடம் போய் ஒழுங்காகக் கட்டு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை பேரையும் எழுப்பிவிட்ட அதிபதியாகிய நெகேமியா தன் பெயரைக் கட்டினவர்கள் வரிசையில் சேர்க்கவில்லை. அதில் வருகிற நெகேமியா வேறொருவன், அஸ்பூகின் குமாரன்.

தெக்கோவா ஊரார் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மனம் அங்கேதான் போய் நிற்கும். அந்த ஊர் ஜனங்கள் தங்கள் பங்கைக் கட்டினார்கள். பெரியவர்களோ ஆண்டவருடைய வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை. அப்படியும் சிலர் இருப்பார்கள். உங்கள் சபையிலும் இருப்பார்கள்: முதல் பந்திக்கு முன்வரிசையில் வந்து உட்காருகிறவர்கள், மண்வெட்டியைத் தொடாதவர்கள். நெகேமியா அவர்களைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பங்குக்குப் போய்விட்டான். அவர்களுக்கு வாசல் அடைக்கப்பட்டதாக எங்கும் எழுதப்படவில்லை. அதே தெக்கோவா ஜனங்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டு இன்னொரு பங்கையும் எடுத்துக் கட்டினார்கள் என்று 27-ஆம் வசனத்தில் இருக்கிறது. தங்கள் பெரியவர்கள் வரவில்லை என்று அவர்களும் உட்கார்ந்துவிடவில்லை.

ஐந்தாம் அதிகாரத்தில் வேலைக்கு நடுவே பெரிய கூக்குரல் எழும்புகிறது. தானியத்துக்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஏழைகள் முறையிடுகிறார்கள். ‘முதலில் அலங்கம் முடியட்டும்’ என்று நெகேமியா சொல்லவில்லை. கடன் கொடுத்த பெரியவர்களைக் கூட்டி நிறுத்தி, வயலையும் வீட்டையும் திருப்பிக் கொடுக்கச் செய்தான். வேலைக்கு வராதவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவனை வேலைக்குக் கூப்பிட முடியாது.

நீங்கள் நம் பக்கத்துக்காரர் என்பதால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தூத்துக்குடிப் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1910-இல், எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் 35 வயதில் எழுந்து நின்று பேசினார். நீங்கள் உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் அவர் முடித்தது அந்த அரங்கத்தை உலுக்கியது. மிஷனெரிமார் உழைப்பாளிகள், தியாகிகள். ஆனால் முடிவு எடுக்கிற நாற்காலியில் அவர்கள் உட்கார்ந்திருக்க, நம்மவர்கள் உதவியாளராகவே நின்றார்கள். அசரியா கேட்டதை உங்கள் கத்தரிக்காய்ப் பெண் கேட்கத் தெரியாமல் வீட்டில் இருந்துகொண்டாள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதே அசரியாவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தை நம்மவர்கள் பணத்தாலும் நம்மவர்கள் கையாலுமே தொடங்கினார்கள். என் தாயார் உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மண்பானையில் போடுவார். மழைக்காலத்தில் அரிசி குறைந்த நாட்களிலும் போடுவார். பிடி மட்டும் சிறுத்திருக்கும். அந்தப் பிடியரிசி ஆலயத்துக்குப் போகும் நாளில் அவர் தலை நிமிர்ந்து நடப்பார். அந்தப் பானை அவருடைய வீட்டுக்கு எதிரே இருந்த அலங்கம்.

எனவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான். நெகேமியா ஒருவரிடமும் பேசுவதற்கு முன் இராத்திரியில் சில பேரோடு போய் இடிந்த இடங்களைச் சுற்றிப் பார்த்தான். நீங்களும் இந்த மாதம் கூட்டம் எதுவும் போடாமல், இரவு 8 மணிக்கு மேல், பீடித் தட்டு ஓய்ந்த பிறகு, தெருத்தெருவாகப் போங்கள். அசனத்தைப் பற்றி முதலில் பேச வேண்டாம். யாருக்குக் கடன், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் சங்கத்தில் எதற்கு மனம் நொந்தார்கள் என்று கேளுங்கள். உங்களைப் பற்றியே குறை சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அசனத்தைத் தெருவுக்குத் தெரு முழுசாகப் பிரித்துக் கொடுங்கள். கூட்டு என்றால் காய் வாங்குவது, நறுக்குவது, சமையல்காரரிடம் பக்குவம் பேசுவது, பரிமாறுவது எல்லாம் அந்தத் தெருவுக்கே. அதற்கான பணமும் அவர்கள் கையில். பணத்தை வைத்துக்கொண்டு வேலையை மட்டும் கொடுத்தால் பழைய கதைதான். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கரானவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் என்ன செய்தார்கள்? முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறுமுறுத்த பக்கத்தாரின் கையிலேயே பந்தியை ஒப்படைத்துவிட்டார்கள் என்று அதைப் படிக்கலாம். நம் வேதாகமத்தில் அந்த வேலைக்கு ‘பந்திவிசாரணை’ என்றே பெயர். பந்தி விசாரிப்பதற்குப் பரிசுத்த ஆவியும் ஞானமும் நற்சாட்சியும் தகுதிகளாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆகவே உங்கள் சங்கத்தில் அதிகமாகக் குறை சொல்கிற அந்த அம்மாவை (ஒருவர் நிச்சயம் இருப்பார்) முதலில் தேடிப் போங்கள்.

ஆலயத்துக்கு வர முடியாதவர்களுக்கு வேலை வீட்டுக்குப் போகட்டும். 20 கிலோ சின்ன வெங்காயத்தை 9 பேர் இரவெல்லாம் உரிக்க வேண்டியதில்லை. 20 வீட்டுக்கு ஆளுக்கு ஒரு கிலோ கொடுத்தனுப்பினால், பீடி சுற்றி முடித்த பெண் வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பேசிக்கொண்டே உரித்துவிடுவாள். காலையில் உங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் பாத்திரத்தோடு போய் வாங்கி வரட்டும். அண்டாவும் வார்ப்பும் கழுவுவதை வாலிபர் சங்கத்துக்கும் ஆண்களுக்கும் கொடுங்கள். உங்கள் கடிதத்தில் ஓர் ஆண்கூட வேலை செய்யக் காணோமே.

எத்திரோ எல்லாவற்றையும் கைவிடச் சொல்லவில்லை. பெரிய காரியங்கள் மோசேயிடம் வரட்டும், சிறிய காரியங்களை அவர்களே தீர்க்கட்டும் என்றான். உங்களுக்கு எது பெரிய காரியம் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கறி நல்லதா, தண்ணீர் சுத்தமா, கணக்கு நேரானதா: இவை உங்களிடம் வரட்டும். உப்பு, காரம், காயின் அளவு ஆகியவற்றில் வாயைத் திறக்காதீர்கள். கஷ்டமாக இருக்கும். பாளயத்தில் எல்தாத், மேதாத் என்ற இருவர் தீர்க்கதரிசனம் சொன்னபோது, ஒரு பிள்ளையாண்டான் மோசேயிடம் ஓடி வந்து அறிவித்தான்; “அவர்களைத் தடைபண்ணும்” என்று யோசுவா சொன்னான். ‘நீ எனக்காக வைராக்கியம் காண்பிக்கிறாயோ’ என்று மோசே கேட்டான். உங்களிடமும் அப்படி ஓடி வருகிறவர்கள் இருப்பார்கள், ‘அக்கா, அங்கே வந்து பாருங்கள், என்ன செய்து வைத்திருக்கிறார்கள்’ என்று. போகாதீர்கள்.

சாவி. பாத்திரங்களை ஒரு நோட்டில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, இன்னொரு சாவி செய்து கொடுத்துவிடுங்கள். இரண்டு கரண்டி தொலைந்தால் இரண்டு கரண்டி வாங்கிக்கொள்ளலாம். டாக்டர் சொன்னதை அப்படியே கேளுங்கள். அண்டாப் பக்கம் போக வேண்டாம்.

விலகுவதைப் பற்றி: கோபத்தில் விலகினால் சாவியை மேசையில் எறிந்துவிட்டுப் போனதாக ஆகும், எடுக்க ஆள் இருக்காது. இந்த வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். அடுத்த வருடம் செயலாளர் பொறுப்புக்கு வேறு ஒருவர் பெயரை நீங்களே முன்மொழியுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். தனியாகப் போங்கள், சங்கத்தாரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். குழைந்துவிடும் என்று நினைத்தோம் என்ற விளக்கத்தை எடுக்காதீர்கள். அன்றைக்கு உன் வேலையை ஓரத்தில் வைத்தது தப்பு என்று சொல்லுங்கள். அவள் பிறந்த ஊரில் அசனத்துக்கு என்ன கூட்டு வைப்பார்கள் என்று கேளுங்கள். இரண்டாவது சாவியை அவளிடமே கொடுக்கலாம்.

இந்த 11 வருடத்தில் நீங்கள் ஒரு முறையாவது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். இந்தப் பண்டிகைக்கு மகளை வரச் சொல்லுங்கள். பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முதல் பந்தியில் இலைக்கு முன்னால் உட்காருங்கள். அந்தப் பெண் வந்து உங்களுக்குக் கூட்டு பரிமாறட்டும்.